பின்னாலிருந்து ஒரு சத்தம்

'சத்தம் கேட்குது' என்று சொல்லிக்கொண்டு வரும் டிரைவரைக் கண்டாலே எனக்கு ஆகாது. பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்க்கும் பட்டறை என்னுடையது. என்னுடையது என்றால், இடமும் சாமானும் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தம், உள்ளே நின்று கத்துகிற உரிமை மட்டும் எனக்குச் சொந்தம். காலை டிரிப் முடிந்ததும் ஆளாளுக்கு வந்து நிற்பார்கள். ஒருவனுக்குக் கிர்ரென்கிறதாம், ஒருவனுக்கு நொய்யென்கிறதாம். பாதி வண்டியில் பார்த்தால் சீட்டுக்கடியில் எவனோ ஒரு பையன் விட்டுப்போன தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டிருக்கும்.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவர் என் அக்கா வீட்டுக்காரர். மற்ற டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கம்ப்ளெய்ண்ட்'. 'கம்ப்ளெய்ண்ட் வருதுப்பா, மெக்கானிக்க ஒளிச்சு வையுங்க' என்று என் காதுபடவே சிரிப்பார்கள். ஆனால் ஒன்று. அவர் சொன்ன சத்தம் ஒரு நாளும் பொய்த்ததில்லை. மற்றவன் வண்டியில் ஏறிப் பக்கத்துத் தெருவரைக்கும் போய்விட்டு வந்தே, முன் சக்கரத்தில் பேரிங் போகப்போகிறது என்று சொல்லியிருக்கிறார். கழற்றிப் பார்த்தால் குண்டுகள் நீலம் பாரித்துக் கிடந்தன. அவ்வளவு காது. அதனாலேயே எனக்கு எரிச்சல் கூடுதல். நான் சொல்வதற்கு முன்னால் இன்னொருவர் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அப்படித்தான் அன்றைக்கும் வந்து நின்றார்.

"மாப்ள, வண்டில பின்னாடியிருந்து ஒரு சத்தம் வருது."

"பின்னாடி ஒரு பஸ் நெறையப் புள்ளைங்க உக்காந்திருக்கு மாமா. சத்தம் வராம சங்கீதமா வரும்?"

"வெளையாடாதடா. வண்டிய எடுக்கும்போது டங்குன்னு ஒரு அடி. அப்புறம் ஒண்ணுலேருந்து ரெண்டாவது கியர் போடும்போது ஒரு அடி. யாரோ கீழ படுத்துக்கிட்டு சுத்தியலால அடிக்கிற மாதிரி இருக்கு."

இப்படிப்பட்ட சத்தத்துக்கு வழி தெரியும். இன்ஜினின் இழுவை கிளட்ச் வழியாக கியர்பாக்ஸுக்குப் போகிறது. அங்கிருந்து வண்டிக்கடியில் நீளமாக ஓடுகிற ஷாஃப்ட். அதன் முனையில் பின் அச்சு, நடுவில் பல்சக்கரங்கள் இருக்கிற உருண்டை, அதற்கப்புறம் சக்கரம். இந்த வரிசையில் எங்கே லூஸ் கண்டாலும் வண்டி கிளம்பும்போது ஓர் அடி விழும். பின்னால் கேட்டால் பின்னாலிருந்து ஆரம்பிப்பதுதான் முறை.

பட்டறையில் நான் வைத்த சட்டம் ஒன்று உண்டு. சாவி உள்ளே வந்தால் டிரைவர் வெளியே. டிரைவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வண்டி ஓட்டிப் பார்த்தால், 'இதோ, இதோ, கேட்டுச்சா' என்று இல்லாத சத்தத்தையும் கேட்க வைத்துவிடுவான். மாமாவுக்கும் அதே சட்டம்தான். சொந்தக்காரர் என்று சலுகை கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார்கள். ஆகவே நானே ஓட்டிப் பார்த்தேன். மைதானத்தைச் சுற்றினேன், மேட்டில் நிறுத்தி எடுத்தேன், வேண்டுமென்றே தாறுமாறாக கியர் மாற்றினேன். பின்னால் ஒரு பெஞ்ச் சீட்டு மட்டும் ஆடியது.

இருந்தாலும் மாமாவின் காது ஆயிற்றே. பின் அச்சைத் திறந்து பார்த்தேன். பல்லெல்லாம் புதிதுபோல் இருந்தது. எண்ணெயை மாற்றி மூடினேன். இரண்டு நாளில் திரும்பி வந்தார்.

"அப்படியேதான் இருக்கு மாப்ள."

ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் கிராஸ் என்று ஒரு மூட்டு உண்டு, இரண்டையும் மாற்றினேன். திரும்பி வந்தார். ஷாஃப்ட்டைத் தாங்கிப் பிடிக்கிற நடு பேரிங்கை மாற்றினேன். திரும்பி வந்தார். எனக்குத் தலை சூடாகிவிட்டது. டிரைவர்கள் எல்லாரும் நிற்கும்போதே கேட்டேன்.

"மாமா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வண்டில ஒண்ணும் இல்ல. இதுக்கு மேல மாத்தணும்னா டிரைவரத்தான் மாத்தணும்."

எல்லாரும் சிரித்தார்கள். டிஸ்கோ என்று ஒரு டிரைவர் உண்டு, வண்டியில் பாட்டைப் போட்டுவிட்டால் இன்ஜின் விழுந்தாலும் தெரியாது அவனுக்கு. அவன் கை தட்டியே சிரித்தான். மாமாவும் சிரித்தார். மாமா மாப்பிள்ளை கிண்டலுக்குக் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை அவர். மாமா வண்டியில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்கப்பா. நான் தெனம் அந்த வண்டில நிக்கிறவ. டங்குங்குது, வண்டி ஒரு குதி குதிக்குது. நேத்து ஒரு புள்ள முன்சீட்டுக் கம்பில மூஞ்ச இடிச்சுக்கிச்சு. பல்லு போகாதது அது செஞ்ச புண்ணியம்."

மேனேஜருக்கும் இது போயிற்று. பள்ளிக்கூட வண்டிகளுக்கெல்லாம் பொறுப்பு அவர்தான். என்னைக் கூப்பிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"ஒரே வண்டிக்கு எத்தன சாமான் வாங்குவ? உனக்குக் கண்டுபிடிக்கத் தெரியலையா, இல்ல மாமனும் மச்சானும் சேந்து வெளையாடுறீங்களா? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள என்ன ஏதுன்னு சொல்லு. இல்லேன்னா வண்டி வெளிப் பட்டறைக்குப் போவுது."

வெளிப் பட்டறைக்கு வண்டி போவதும் என் முகத்தில் காறித் துப்புவதும் ஒன்றுதான். அது அவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை டிரிப் முடிந்து வண்டி வந்ததும், உள்ளே நடைபாதையின் நடுவிலிருந்த தகட்டைக் கழற்றினேன். அதற்கு நேர் கீழே ஷாஃப்ட் ஓடுகிறது. குனிந்து உட்கார்ந்து கண்ணாலேயே பார்த்துவிடுவது என்று முடிவு. பார்க்க நான் இருந்தால் ஓட்ட ஒரு ஆள் வேண்டும். என்னோடு வேலை செய்யும் ஃபிட்டர் அன்றைக்கு லீவு. வெளியே மாமா வேப்பங்குச்சியால் பல் குத்திக்கொண்டு நின்றார். வேறு வழியில்லாமல் என் சட்டத்தை நானே மீறினேன்.

"ஏறுங்க மாமா. நீங்களே ஓட்டுங்க."

"அப்பாடா. இப்பவாவது கூப்டியே. ராசா, மெதுவாப் பாரு, கைய உள்ள விட்டுடாத."

வண்டி கிளம்பியது. டங்.

என் முழங்காலுக்குக் கீழே தரையே உதைத்தது. அத்தனை நாள் எனக்குக் கேட்காத சத்தம், அவர் சொன்னபடியே, சுத்தியல் அடி. எனக்கு ஒரே சந்தோஷம். சிக்கியது பார் என்று கத்தினேன். "நிறுத்தி எடுங்க மாமா! இன்னொரு தடவ!" டங். ஷாஃப்ட் மெதுவாகத் திரும்ப ஆரம்பிக்கவில்லை. செத்துக் கிடந்தது ஒரே அடியில் துள்ளித் திரும்பியது. கிராஸ் ஆடவில்லை, பேரிங் ஆடவில்லை. அடி முன்னாலிருந்து வருகிறது. முன்னால் நகர்ந்து கியர்பாக்ஸ் பக்கம் காதை வைத்தேன். அங்கேயும் குறை இல்லை, அதற்கும் முன்னாலிருந்துதான் அந்த அடி வருகிறது. அப்படியென்றால் கிளட்ச். கிளட்ச் பிளேட் போயிருந்தால் நான் ஓட்டும்போதும் உதைத்திருக்குமே என்று யோசித்துக்கொண்டே, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பெடலைப் பார்த்தேன்.

"எடுங்க."

மாமாவின் இடது கால் கிளட்ச்சை அழுத்தியிருந்தது. சாதாரணமாக அந்தப் பெடலை நுனிக்காலால் உணர்ந்து உணர்ந்து விடுவார்கள். வண்டி இழுக்க ஆரம்பிக்கிற இடம் காலுக்குத்தான் தெரியும். மாமாவின் கால் கொஞ்சம் மேலே வந்தது, பெடலின் ஓரத்துக்கு நழுவியது, பிறகு அப்படியே வழுக்கி விழுந்தது. பெடல் படாரென்று மேலே எகிறியது. டங்.

"கேட்டுச்சா மாப்ள?" என்றார், சாலையைப் பார்த்துக்கொண்டே. அவர் கால் இன்னும் பெடலின் மேல் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

இன்ஜினை அணைக்கச் சொன்னேன். அவர் செருப்பைக் கழலாமல் இருக்க டியூபில் வெட்டிய ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தார். அதை அப்போதுதான் கவனித்தேன். பெடலின் ரப்பரில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. செருப்பைத் திருப்பினால், அடியில் ஒரு இரும்புச் சீவல், கடைசல் பிடிக்கும்போது சுருண்டு விழுமே அது, செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறி நின்றது. சுற்றிலும் ரத்தம் காய்ந்து, நேற்றோ முந்தாநாளோ குத்தியதுபோல் இருந்தது. இடுக்கியால் பிடுங்கினேன். வேறு ஒரு ஆளுக்கு அதைப் பிடுங்கினால் வலியில் துள்ளி வண்டியின் கூரையில் இடித்துக்கொள்வான்.

"கீழ என்னடா நோண்டுற?" என்றார்.

கட்டைவிரல் நகத்தை அவர் கால் விரலில் வைத்து அழுத்தினேன். சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது காலில் அழுத்தினேன். பிரேக் மிதிக்கிற கால் அது.

"இப்ப?"

"இப்ப என்ன இப்ப?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்பார்களே, அது இதுதான். கையிலிருந்த சீவலை அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். பார்த்தார். காலைப் பார்த்தார். அந்த மனிதரின் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை.

"சர்க்கரைடா," என்றார் மெல்ல. "டாக்டர் சொன்னாரு. ராத்திரில எரிச்சலா இருக்கும். இப்பக் கொஞ்ச நாளா எரிச்சல் இல்ல. சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்."

"சரியாப் போகல மாமா. செத்துப்போச்சு."

"நான்தான் அந்த அடியா?"

"நீங்கதான்."

ஸ்டியரிங்கை விட்டு என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"கிளட்ச் பிளேட் போயிடுச்சுன்னு சொல்லிடு மாப்ள. மாத்திடு. இனிமே நான் பாத்து ஓட்டிக்கிறேன்."

"எதப் பாப்பீங்க? ரோட்டப் பாப்பீங்களா, கால் எங்க இருக்குன்னு குனிஞ்சு பாப்பீங்களா?"

கத்திவிட்டேன். எதிரில் இருக்கிறவர் யாராயிருந்தாலும் கத்துகிற வாய் இது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் இறங்கிப் போய்க் குழாயடியில் கை கழுவினேன். கிரீஸ் போகவே இல்லை, தேய்த்துக்கொண்டே நின்றேன். அழுகை வந்தது. வந்தால் என்ன, எவன் பார்க்கிறான்?

மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் மாமா போன் பண்ணிச் சொல்லியிருந்தார். ஒற்றை அறை, அதிலேயே சமையல், சுவரோரம் மகளின் புத்தகங்கள் அலமாரி இல்லாமல் பெட்டிமேல் அடுக்கியிருந்தன. டிரைவரின் பிள்ளை என்பதால் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் படிப்பு இலவசம். கடைசி வகுப்புக்கு முந்தின வகுப்பு, அதுவும் முடியப்போகிற நேரம். நன்றாகப் படிக்கிற பெண். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், நான் வந்ததற்கு எழுந்திருக்கவில்லை.

"அவருக்குக் கால் மரத்துப்போச்சுன்னு தெரியுமா உனக்கு?" என்றேன்.

"ஒத்தச் செருப்போட வீட்டுக்கு வந்திருக்காருடா. இன்னொண்ணு எங்க கழண்டுச்சுன்னு அவருக்கே தெரியல. எனக்குத் தெரியாமலா இருக்கும்? அந்த ரப்பர வெட்டிக் கட்டிவிட்டதே நான்தான்."

"தெரிஞ்சும் வண்டியெடுக்க விட்டியா? உன் பொண்ணும் அந்த வண்டிலதான்டி போறா!"

"அந்த வண்டி இருந்தாத்தான்டா அவ போக முடியும்!" பாத்திரத்தை வைத்த வேகத்தில் தண்ணீர் என் மேல் தெறித்தது. "ஒரு வருஷம். அவ படிப்பு முடியட்டும். முடிஞ்சதும் நானே சாவியப் புடுங்கித் தர்றேன். ஒரு வருஷம் வாய மூடிட்டு இருக்க முடியாதா உன்னால? நான் உன்ன என்னிக்காவது எதுவாவது கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. அம்மா போனபின் எனக்குச் சோறு போட்டவள் அவள்தான். அதையும் அவள் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"புள்ளைங்கக்கா," என்றேன். "ஒரு வண்டிப் புள்ளைங்க."

"போ. போய்ச் சொல்லு. உன் தொழில் சுத்தமா இருக்கட்டும்."

போய்ச் சொன்னேன். நான் செய்தது சரி. இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன், எவன் என்ன பேசினாலும் கவலையில்லை. ஆனால் மேனேஜரிடம் இன்னொன்றும் சொன்னேன். "சார், அவரே வந்து சத்தம்னு சொன்னதாலதான் இது தெரிஞ்சுது. மறைக்கணும்னு நெனச்சிருந்தா மறைச்சிருக்கலாம். ஆபீஸ்ல, ஸ்டோர்ல எங்கயாவது உக்காத்தி வையுங்க. பொண்ணு படிப்புக் கெட்டுடக் கூடாது."

மேனேஜர் மிகவும் வருத்தப்பட்டார். அவர் வருத்தப்பட்டால் நமக்குத்தான் கஷ்டம். கைவிட மாட்டோம் என்றார். கேட்டில் உட்கார வைத்தார். கேட் வேலை பள்ளிக்கூடத்தின் வேலை இல்லையாம், வெளி ஏஜென்சி மூலமாம். ஆகவே மாமா இனிப் பள்ளிக்கூட ஊழியர் இல்லை. ஆகவே மகளுக்கு இலவசமும் இல்லை. விடுமுறை முடிந்து அவள் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மாமாவின் ரூட்டுக்குப் புது டிரைவர் போடாமல், டிஸ்கோவின் வண்டியோடு சேர்த்துவிட்டார்கள். பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். ஆயாம்மாவும் அந்த வண்டிக்கு மாறினாள். அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.

இதையெல்லாம்கூட நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. பட்டறை அமைதியாகிவிட்டது.

காலை டிரிப் முடிந்தால் டிரைவர்கள் வண்டியை முன்பக்கமே நிறுத்தி, சாவியை ஆபீஸில் மாட்டிவிட்டு நேரே போனார்கள். கிர்ரும் இல்லை, நொய்யும் இல்லை. நானாகக் கூப்பிட்டுக் கேட்பேன்.

"என்னப்பா, வண்டில சத்தம் கித்தம்?"

"சூப்பரா இருக்குண்ணே. பூ மாதிரி போவுது."

ஒருவன் இல்லை, எல்லாரும். எனக்குப் புரியச் சில நாள் ஆயிற்று. பிறகு ஃபிட்டர்தான் உடைத்துச் சொன்னான். "உங்ககிட்ட யாருண்ணே சொல்வாங்க? ஒரு சத்தம் சொன்னாரு, சீட்டு கிழிஞ்சுது. அதுவும் சொந்த மாமனுக்கே. சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்க எவனுக்கு ஆசை? ஒருத்தனுக்குக் கண்ணு மங்கல், ஒருத்தனுக்கு முதுகு, ஒருத்தனுக்கு பிரஷர். நீங்க வண்டில ஆரம்பிச்சு ஆள்ல வந்து முடிப்பீங்கன்னு பயப்படுறானுங்க."

கெட்ட கோபம் வந்தது. வரிசையாக நிற்க வைத்துத் திட்டினேன். மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டிஸ்கோவிடம் சர்வீஸுக்கு வண்டியை விடச் சொன்னால், 'ரெண்டு ரூட்டு அண்ணே, நேரமே இல்ல, அடுத்த வாரம்' என்றான். அடுத்த வாரமும் அதையே சொன்னான். நானும் விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. மேனேஜரிடம் போனேன். 'டிரைவர் கம்ப்ளெய்ண்ட் எதுவும் இல்லையே, ஓடுற வண்டிய ஏன் நிறுத்துற' என்று திருப்பி அனுப்பினார். பட்டறை பின்பக்கம், வண்டிகள் போய்வருவது முன்பக்கக் கேட் வழியாக. போகிற வண்டியின் சத்தம் என் காதுக்கு எட்டாது.

ஒரு சாயங்காலம், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன டிஸ்கோவின் வண்டியில் ஷாஃப்ட்டைத் தாங்குகிற நடு பேரிங் கழன்று போயிற்று. ஓடிக்கொண்டிருந்த ஷாஃப்ட் ஒரு முனையில் அறுந்து, தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே அடித்தது. நடைபாதையில் ஆயாம்மா நின்றிருந்தாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டாக உடைந்தது. பிள்ளைகளில் யாருக்கும் ஒன்றும் இல்லை. அவள் அந்த இடத்தில் நிற்காமல் இருந்திருந்தால் அங்கே ஒரு பிள்ளை நின்றிருக்கும்.

வண்டியை இழுத்து வந்தார்கள். பேரிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கிரீஸ் என்பது பேருக்குக்கூட இல்லை, குண்டுகள் நசுங்கித் தகடாகியிருந்தன. இது ஒரு நாளில் ஆகிற காரியமில்லை. வாரக் கணக்கில் ஊளையிட்டிருக்கும். பாட்டைக் குறைத்து வைத்தால் டிஸ்கோவுக்கே கேட்டிருக்கும். தெருவில் போகிறவனுக்குக் கேட்டிருக்கும்.

பேரிங்கைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டுக்குப் போனேன். மாமா நீலச் சட்டை போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் பருத்த துணிக்கட்டோடு முன்னால் நீட்டிக் கிடந்தன. காலையிலும் சாயங்காலமும் ஒவ்வொரு வண்டியும் அவர் முன்னால்தான் வேகத்தைக் குறைத்துத் திரும்பும். அவர்தான் எழுந்து கதவைத் திறந்துவிட வேண்டும்.

"மாமா, இந்த வண்டி இத்தன நாளா உங்க முன்னாடிதானே போச்சு. கேக்கலையா?"

பேரிங்கை வாங்கி, விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கரகரவென்றது. திருப்பிக் கொடுத்தார்.

"கேட்டுச்சு."

"எப்பலேருந்து?"

"மொத நாள்லேருந்து."

"ஏன் மாமா சொல்லல? ஏன் எங்கிட்ட வந்து சொல்லல?"

கோபமாகச் சொல்லவில்லை அவர். கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"ஒரு தடவ வந்து சொன்னேனே மாப்ள."